முதல் கை

காலை ஆறரை மணிக்கு மொய்து கடை வாசலில் சைக்கிள் தானாக நின்றது.

குயிலி பிரேக்கைத் தொடவில்லை. சந்தேகத்துக்குத் தன் விரல்களை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். எல்லாம் கைப்பிடியில் சும்மாதான் கிடந்தன. வண்டி மட்டும், தொழுவம் தெரிந்த மாடுபோல வேகத்தைக் குறைத்து, கடையின் தகரக் கூரைக்கு நேர் கீழே வந்து நின்றுவிட்டது.

"இன்னைக்கும் ரெண்டுதானே மோளே?" என்றார் மொய்து காக்கா, எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவருடைய பழம்பொரி வாசனை வால்பாறைக் கடைவீதியில் ஆறு மணிக்கே எழுந்துவிடும். ஊர் அதற்குப் பிறகுதான் எழும்.

"நான் நிக்கணும்னு நெனைக்கவே இல்ல காக்கா."

"நெனைக்காம வண்டி எப்படி நிக்கும்?"

"அதான் எனக்கும் பயமா இருக்கு" என்றாள் குயிலி.

காக்கா இரண்டு பழம்பொரியை இலையில் வைத்து நீட்டினார். பதினேழு நாட்களாக அவள் இதே நேரத்துக்கு இதே இடத்தில் நின்று, இதே இரண்டைத் தின்றுவிட்டுத்தான் பயிற்சிக்கு மலையேறினாள். பசித்தது, நின்றாள், தின்றாள். அதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. இன்று மலைச்சைக்கிள் கழகத்தில் நேரம் பார்க்கும் ஓட்டம். எங்கும் நிற்காமல் போய்விட வேண்டும் என்று கிளம்பியவளுக்கு, வண்டி நின்ற பிறகுதான் தான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறோம் என்பது உறைத்தது. உறைத்த பிறகும் பழம்பொரியை மிச்சம் வைக்கவில்லை. அந்த வயதில் திகில் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம்.

கழகத்தின் பட்டறை, மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது. வண்டிகள் கற்றுக்கொண்டதைத் திரையில் படித்துச் சொல்வது சகாயத்தின் வேலை. பதிவேட்டில் அவருக்கு நினைவாளர் என்று பட்டம். ஊரில் மெக்கானிக் என்றுதான் பெயர், அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார். குயிலியின் வண்டியைத் திரையோடு இணைத்தவர், ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோட்டை ஓரிடத்தில் விரலால் நிறுத்தினார்.

"இதென்ன அம்மணி, கடைவீதியில தெனமும் ஒரே எடத்துல கோடு விழுகுது? ரோட்டுல குழி கிழி இருக்குதா?"

"மொய்து காக்கா கடைங்கண்ணா."

சகாயம் திரையிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, "வண்டிக்கு வவுறு வச்சுப் பழக்கிட்டயா?" என்றார்.

"அழிச்சிரலாம்ங்களாண்ணா?"

"முதற்பதிவுல அழிக்கறதா? நாப்பது வருசத்துக்கு இந்த வண்டி மேல எவன் ஏறுனாலும் அந்தக் கடை வாசல்ல ஒரு இழுப்பு இழுக்கும். கடை இருந்தாலும் இழுக்கும், இல்லாட்டியும் இழுக்கும். நல்லவேள, நீ பழம்பொரியோட நிறுத்துன."

உலோகப் பங்கீடு வந்து அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பூமியைத் தோண்டியது போதும் என்று உலகம் கூடி முடிவெடுத்த பிறகு, ஒரு புதுச் சைக்கிள் செய்வது கோயிலுக்குப் புதுத் தேர் செய்வதுபோல ஆகிவிட்டது. ஒரு கழகத்துக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு ஒன்று. அது நாற்பது ஆண்டு உழைக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வேறொருவர் கைக்குப் போகும். ஏழாம் கை வண்டி, பத்தாம் கை வண்டி என்று பந்தயக்காரர்கள் அதை வைத்துத்தான் பேசிக்கொள்வார்கள்.

கை மாற மாற வண்டிக்கு மவுசு கூடியது. அதன் உடம்பு முழுவதும் கற்கும் சட்டகம். கடைக்காரர்கள் லேர்னிங் ஃபிரேம் என்பார்கள். கைப்பிடி, இருக்கை, சக்கர அச்சு எங்கும் உணரிகள். ஓட்டுபவர் எங்கே சாய்கிறார், எங்கே இறுக்குகிறார், எந்த இடத்தில் அவர் நாடி தடதடக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். அதே மாதிரி இடம் திரும்ப வந்தால், ஓட்டுபவர் நினைப்பதற்கு ஒரு கணம் முன்பே சஸ்பென்ஷனைத் தளர்த்தும், பிரேக்கைப் பிடிக்கும் அல்லது கைப்பிடியைத் திருப்பும். எட்டாம் கை வண்டியில் ஏறுகிறவர், தனக்கு முன் ஏழு பேர் விழுந்து எழுந்து கற்றதன் மேல் ஏறி உட்காருகிறார்.

புது வண்டிக்கோ ஒன்றும் தெரியாது. பந்தயத்தில் அது பெரிய பின்னடைவு. ஆனாலும் மலைச்சைக்கிள்காரர்களுக்கு அதைவிடப் பெரிய கௌரவம் கிடையாது. முதல் பந்தயப் பருவத்தில் வண்டி கற்பதுதான் முதற்பதிவு. பருவத்தின் கடைசிப் பந்தயம் முடிந்ததும் அதைப் பூட்டிவிடுவார்கள். பிறகு வருகிறவர்கள் கற்பிப்பதெல்லாம் அதன் மேல் எழும்பும் மாடிகள். அடித்தளத்தை உருவிவிட்டு மாடியை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. அந்த அடித்தளத்தைப் போடுகிறவருக்கு முதல் கை என்று பெயர். முதல் பருவம் முடியும்வரை வேறு எவருடைய கையும் அந்த வண்டியில் படக்கூடாது.

வால்பாறைக் கழகத்தில் ஓட்டுபவர்கள் ஆறு பேர். ஆறு ஓலைகளில் பெயர் எழுதி, பித்தளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சிறுமியை அழைத்து வந்து எடுக்கச் சொன்னார்கள். முதல் ஓலையில் குயிலி என்று இருந்தது. இரண்டாம் ஓலையில் டெய்சிராணி. மூன்று ஆண்டு கழித்து இரண்டாம் கையாக வண்டியை வாங்கிக்கொள்ள வேண்டியவள் அவள்தான்.

டெய்சிக்கு இருபத்தாறு வயது. கழகத்திலேயே வேகமானவள். புது வண்டிக்காகக் காத்திருந்தவள். அவள் ஓட்டியது பத்தாம் கை வண்டி. அதன் முதல் கை கபிரியேல் என்று ஒருவர். பயம் என்றால் கிலோ எவ்வளவு என்று கேட்கிற மனிதர். எந்தப் பள்ளத்திலும் பிரேக்கைத் தொட்டதில்லையாம். அந்த வண்டிக்கும் அதனால் பயமென்றால் தெரியாது. டெய்சிக்குத் தோள்பட்டையில் காறை எலும்பு இரண்டு முறை முறிந்திருந்தது.

குயிலியின் அம்மா கனகத்துக்கு மழைமானி நிலையத்தில் வேலை. தினமும் காலையில் மழையளவை ஒலிபெருக்கியில் ஊருக்கு அறிவிக்க வேண்டும். குடவோலைக்கு மறுநாள், "கடந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர். என் மகள் குயிலி புது வண்டிக்கு முதல் கை" என்று ஒரே மூச்சில் அறிவித்துவிட்டு, மேலதிகாரிக்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதத்தையும் குயிலியிடம் பெருமையாகப் படித்துக் காட்டினார்.

மழை விட்டதும் பருவம் தொடங்கியது. மொத்தம் நான்கு பந்தயங்கள்: கோத்தகிரி, ஏற்காடு, கொடைக்கானல், கடைசியாகச் சொந்த ஊர். கோத்தகிரியில் புது வண்டியைப் பார்க்கவே கூட்டம் கூடியது. கீறல் விழாத அதன் கருநீலப் பூச்சைத் தொட்டுவிடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்கள். குயிலியின் புதுக் கையுறையைக்கூட ஒருவர் முகர்ந்து பார்த்தார். பந்தயம் தொடங்கியதும் அவளுக்கு முன்னால் முப்பத்தொரு பேர் போனார்கள். முப்பத்திரண்டாவதாக, அதாவது கடைசியாக, அவள் வந்து சேர்ந்தாள். மற்றவர்கள் வளைவுகளில் மிதந்து போனார்கள். அவள் ஒவ்வொரு வேரையும் ஒவ்வொரு கல்லையும் தன் மணிக்கட்டாலேயே சந்திக்க வேண்டியிருந்தது.

ஆனால் திரும்பி வரும்போது அவளுக்கு வருத்தம் இல்லை. அன்று கற்றது எல்லாம் அவளுடையது, கலப்படம் இல்லாதது. வண்டி அவளை உற்றுக் கவனிப்பதை அவள் உணர்ந்தாள். ஈரக் களிமண்ணில் பின்சக்கரத்தை லேசாக வழுக்கவிட்டுத் திரும்புவது அவளுடைய தனி வித்தை. பத்தே நாளில் வண்டி அதைப் பிடித்துக்கொண்டது. பதினோராம் நாள் அவளுக்கு முன்பே வழுக்கியது. அவள் மலைச்சரிவில் தனியாகச் சிரித்தாள். பிறக்கப்போகிறவர்கள்கூட ஒருநாள் இந்த வளைவில் தன்னைப்போலத்தான் வழுக்குவார்கள் என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்துபோனது.

அதற்கு அடுத்த வாரம்தான் முதுகுப் பாறையில் விழுந்தாள்.

முதுகுப் பாறை சொந்த ஊர்த் தடத்தில் கடைசி இறக்கம். படுத்த யானைபோல ஒரு கரும்பாறை. ஏறுவது எளிது, மறுபக்கம் ஒன்றரை ஆள் உயரம் வெட்டென்று இறங்கும். மனமில்லாதவர்கள் இடப்பக்கம் தேயிலைச் செடிகளுக்குள் வளைந்து போகும் சுற்றுவழியைப் பிடிக்கலாம், சட்டப்படி தப்பில்லை. பதினோரு நொடி கூடும், அவ்வளவுதான். பழைய வண்டிகளில் குயிலி அந்தப் பாறையை எத்தனையோ முறை குதித்திருக்கிறாள். அப்போதெல்லாம் குதித்தது முன்னால் ஓட்டியவர்களின் கை என்று இப்போதுதான் தெரிந்தது. அன்று விளிம்பில் அவளுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது, பிரேக்கைப் பிடித்தாள், வண்டிக்கு முன்னால் அவள் போய் விழுந்தாள். முகவாயில் மூன்று தையல்.

தையல் ஆறியது. வண்டி மறக்கவில்லை. அடுத்த முறை பாறை மேல் ஏறியபோது அவளுக்கு முன்பே அது பிரேக்கைப் பிடித்தது. அது பிடித்ததால் அவள் பயந்தாள், அவள் பயந்ததால் அது இன்னும் இறுக்கிப் பிடித்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நன்றாகவே பயமுறுத்திக்கொண்டார்கள். ஏற்காட்டில் முழங்கால் உயரப் படி ஒன்றுக்கே வண்டி முரண்டு பிடித்தது. பத்தொன்பதாம் இடம். கொடைக்கானல் தடத்தில் நல்லவேளையாகப் பெரிய இறக்கம் இல்லை. பதினொன்றாம் இடம். முதல் பருவத்துப் புது வண்டி பதினொன்றாம் இடம் வருவது பெரிய காரியம் என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள். அவளுக்கு மட்டும் முகவாய்த் தையல் அரித்துக்கொண்டே இருந்தது.

"கடைசிப் பந்தயத்துல அந்தப் பாறை மேல அது என்ன பாக்குதோ அதான் நிக்கும்" என்றார் சகாயம். "பந்தயத்து நாள்ல கத்துக்கறதுக்கு எடை அதிகம். அதுக்கப்புறம் பூட்டிருவோம்."

"பயத்த மறைச்சுக்கிட்டுக் குதிச்சா?"

"நாடிய என்ன பண்ணுவ? கைப்பிடியில கை வச்சாப் பொய் சொல்ல முடியாது அம்மணி."

அம்மா ஆழ்ந்து மூச்சு விடச் சொன்னார். மொய்து காக்கா பழம்பொரி மேல் பழி வந்துவிடுமோ என்று கவலைப்பட்டு, வெறும் வயிற்றில் போய்ப் பார்க்கச் சொன்னார். குயிலி எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். பன்னிரண்டு காலை பாறை மேல் ஏறினாள், பன்னிரண்டு காலையும் விளிம்பில் இறங்கி வண்டியைக் கையால் பிடித்துக் கீழே இறக்கினாள். டெய்சி தன் பத்தாம் கை வண்டியில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். "என் முறை வர்றப்போ எனக்குத் தொடநடுங்கி வண்டிய குடுத்துராத குயிலி" என்பாள். தினமும் சொல்வாள். விளையாட்டாகத்தான் சொல்வாள், ஆனால் விளையாட்டு இல்லை.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, பனிமூட்டத்தில், பாறையின் உச்சியில் அவர்கள் இருவர் மட்டும் நின்றார்கள்.

"டெய்சிக்கா, ஒரே ஒரு தடவ நீங்க எறக்கிருங்க" என்றாள் குயிலி.

"எத?"

"இத. உங்க கை நடுங்காது. வண்டி ஒரு தடவ சரியாப் பாத்துச்சுன்னா எனக்கும் பயம் விட்டுரும். யாரும் இல்லக்கா. நான் சொல்ல மாட்டேன்."

டெய்சி அவளையே பார்த்தாள். பிறகு வலக்கைக் கையுறையைக் கழற்றினாள். கருநீலக் கைப்பிடியை நோக்கி அவள் கை நீண்டது, ஒரு சாண் தூரத்தில் நின்றது. இத்தனை பக்கத்தில் அவள் அந்த வண்டியை அதுவரை நெருங்கியதில்லை.

"குடத்துல அந்தப் புள்ள கைய விட்டப்போ நான் எந்தச் சாமியக் கும்பிடலன்னு கேளு" என்றாள். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கையுறையைத் திரும்ப மாட்டினாள். "வேணாம். மூணு வருஷம் கழிச்சு நான் இதுல ஏறுறப்போ, இந்த எடத்துல என் கையே எனக்குத் திரும்பி வந்தா அதுல எனக்கு என்ன இருக்கு? என் கைதான் ஏற்கெனவே என்கிட்ட இருக்கே. உன்னோடது எதுவோ அதப் போடு."

"என்னோடது பயம்தான்க்கா."

"அப்ப பயத்த வாங்கிக்கறேன். என் தலையெழுத்து."

சொல்லிவிட்டு அவள் தன் வண்டியில் ஏறி, விளிம்பைத் தாண்டி, பிரேக்கில் விரல் வைக்காமல் கீழே குதித்தாள். நல்ல குதிப்புதான். ஆனால் கீழே இறங்கி நின்றதும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அவள் தன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டதைக் குயிலி மேலிருந்து பார்த்தாள்.

பந்தய நாள் காலையில் கீழ்ச்சரிவில் யானை நடமாட்டம் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு மணி நேரம் தாமதம். விளக்கு அணைந்ததும் இருபத்தெட்டுப் பேர் புறப்பட்டார்கள். நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் முதுகுப் பாறை.

சொந்த மலை குயிலிக்குக் கை கொடுத்தது. இரவு பெய்த மழையில் களிமண் வளைவுகளெல்லாம் வழுக்கின. மற்றவர்கள் தடுமாறிய இடங்களில் அவளும் வண்டியும் சேர்ந்து வழுக்கி முன்னேறினார்கள். முதல் சுற்றில் பாறைக்கு வந்ததும் இடப்பக்கம் சுற்றுவழியில் திருப்பினாள். ஒன்பதாம் இடம். இரண்டாம் சுற்றிலும் சுற்றுவழி. அதற்குள் முன்னால் போன மூன்று பேர் சேற்றில் விழுந்திருந்தார்கள். ஆறாம் இடம். மூன்றாம் சுற்றின் ஏற்றத்தில் மேலும் மூன்று பேரைத் தாண்டினாள்.

மூன்றாம் இடம். முதல் பருவத்துப் புது வண்டி எந்த ஊரிலும் மேடை ஏறியதில்லை. தடத்தின் ஓரத்தில் குடையும் கையுமாக நின்ற அம்மா, வாயில் விரலை வைத்து ஒரு விசில் அடித்தார். நாலாவதாக வந்தவளுக்கும் குயிலிக்கும் இடையே இருபது நொடி. கடைசிச் சுற்றிலும் சுற்றுவழியில் போனால் பதினோரு நொடிதான் போகும். மேடை நிச்சயம்.

கடைசி முறையாக அவள் பாறைக்கு வந்தாள். இடது கையை அவள் அசைக்கவில்லை. வண்டி தானாக இடப்பக்கம் திரும்பியது.

மொய்து கடை வாசலில் நின்ற அதே மாதிரி. அதே சாதுத்தனத்தோடு, எஜமானிக்கு இதுதான் வேண்டும் என்று தெரிந்துகொண்ட நிம்மதியோடு. இன்னும் சில மணி நேரத்தில் இது பூட்டப்படும். டெய்சி இங்கே வருவாள், இடப்பக்கம் திருப்பப்படுவாள். அவளுக்குப் பிறகு ஒருவர், அவருக்குப் பிறகு இன்னொருவர். பெயர் தெரியாத, இன்னும் பிறக்காத யாரோ இந்தப் பாறை முன் வந்து நிற்பார்கள். அவர்கள் மனதுக்குள் குதிக்க ஆசை இருக்கும். ஒரு கை அவர்களை மெதுவாகத் தேயிலைக்குள் தள்ளிவிடும். அது தன் கை என்று குயிலிக்குத் தோன்றியதும் மேடை சின்னதாகிவிட்டது.

கைப்பிடியை வலப்பக்கம் இழுத்தாள். வண்டி மறுத்தது. மறுபடி இழுத்தாள். பாறை மேல் ஏறியதும் பிரேக் கிறீச்சிட்டது, விளிம்பு நெருங்கியது, நாடி காதுக்குள் அடித்தது. வண்டி அதை எண்ணிக்கொண்டுதான் இருக்கும், எண்ணட்டும் என்று விட்டுவிட்டாள்.

"ஆமா, பயமாத்தான் இருக்கு" என்று வண்டியிடம் வாய்விட்டே சொன்னாள். "எனக்கும்தான். வா."

பிரேக்கை இறுக்கியிருந்த விரல்கள் நான்கு. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இடது நடுவிரல். வலது நடுவிரல். இடது ஆள்காட்டி. வலது ஆள்காட்டி பிரிய மறுத்தது. அதையும் பிரித்தாள். மூச்சை உஸ் என்று வெளியே விட்டு முழங்கைகளை மடக்கினாள். வண்டியின் பிடி ஒரு கணம் கழித்து, ஒரே ஒரு கணம் கழித்து, தளர்ந்தது.

பின்சக்கரம் முதலில் மண்ணைத் தொட்டது. வழுக்கியது. ஒரு காலை ஊன்றினாள், காலடி அகலத்துக்குச் சேறு கிழிந்தது, செயின் கழன்றது. விழவில்லை. செயினை மாட்டி, ஏறி மிதிப்பதற்குள் மூன்று பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. கோட்டைத் தாண்டியபோது அழுதுகொண்டிருந்தாள், ஏன் என்று கேட்ட அம்மாவிடம், "நல்லாருக்கும்மா" என்று மட்டும் சொன்னாள்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பட்டறையில் முதற்பதிவைப் பூட்டினார்கள். தடத்தின் முக்கியமான ஒவ்வோர் இடத்துக்கும் பதிவேட்டில் நினைவாளர் ஒரு சொல் எழுத வேண்டும், அது வழக்கம். களிமண் வளைவுக்கு, லாவகம் என்று எழுதினார் சகாயம். கடைவீதிக்கு, பழம்பொரி என்று எழுதினார். முதுகுப் பாறைக்கு வந்ததும் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"நாடி நூத்தித் தொண்ணூறு. பயம்னா இதான் பயம். பிரேக்கு சுழியம். இதுக்கு என்னன்னு எழுதறது? எங்கிட்ட வார்த்த இல்ல அம்மணி."

அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அவர் முத்திரை வைத்தார்.

மறுநாள் காலை ஒலிபெருக்கியில் கனகத்தின் குரல் கேட்டது: "கடந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் மழை இல்லை. என் மகள் ஆறாம் இடம்." இந்த முறை மேலதிகாரி விளக்கம் கேட்கவில்லை.

மூன்று ஆண்டு கழித்து, குயிலி வண்டியைத் துடைத்து டெய்சியிடம் ஒப்படைத்தாள். அன்று காலையே டெய்சி அதை முதுகுப் பாறைக்குக் கொண்டுபோனாள். கீழே நின்ற குயிலிக்கு, அவள் விளிம்பில் வந்து ஒரு கணம் தயங்கியது தெரிந்தது. கபிரியேலின் வண்டியில் அவள் தயங்கி யாரும் பார்த்ததில்லை. பிறகு மெதுவாக, சுத்தமாக இறங்கினாள்.

டெய்சி வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் பாறை ஓரம் உட்கார்ந்தாள்.

"இத்தன வருஷமா குதிக்கறேன்" என்றாள். "ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயம். பழைய வண்டிக்குப் பயமில்லையா, அதனால எனக்கு மட்டும்தான் ஏதோ கொறன்னு நெனச்சுட்டேன். எலும்பு முறிஞ்சப்பகூட யார்கிட்டயும் சொல்லல."

குயிலி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீயும் பயந்திருக்கடி" என்றாள் டெய்சி. அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்தது பரம சந்தோஷம்.

அன்று மாலை டெய்சி பட்டறைக்குப் போய்ப் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். வெறுமையாக இருந்த கட்டத்தில், சகாயம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பேனாவால் அழுத்தி எழுதினாள்: பயப்படும். நிற்காது.

அதற்கும் பதினைந்து ஆண்டு கழித்து ஒரு முற்பகலில், குயிலி அளவுநாடாவோடு முதுகுப் பாறையின் அடியில் நின்றுகொண்டிருந்தாள். ஆனைமலைக் கழகங்களுக்கெல்லாம் பந்தயத் தடம் அமைப்பது இப்போது அவள் வேலை. மேலிருந்து ஒரு கருநீல வண்டி இறங்கி வந்து நின்றது. பூச்செல்லாம் உரிந்து, பாதி உடம்பு வெறும் உலோகமாகத் தெரிந்தது. ஓட்டி வந்தவள் ஏழாம் கை. பெயர் சுடரொளி, போன வருடம்தான் வெளியூரிலிருந்து கழகத்தில் சேர்ந்தவள். அவள் கையுறைகளைக் கழற்றிவிட்டுத் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னம்மா, அடிபட்டுருச்சா?" என்றாள் குயிலி.

"இல்லக்கா. மேல வந்து நின்னப்போ பயத்துல கை வெறச்சுப் போச்சு. அப்போ யாரோ என் வெரல ஒவ்வொண்ணா எடுத்து விட்ட மாதிரி இருந்துச்சு. அதட்டல. மெதுவா." அவள் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "பைத்தியம்னு நெனைக்காதீங்க."

குயிலி தன் இரண்டு கைகளையும் மழைச்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். "காலையில கடைவீதியில எங்கயாச்சும் நின்னுச்சா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல, ஒண்ணுமே இல்லாத எடத்துல. அது பழுதா?"

"பழுதெல்லாம் இல்ல. அங்க ஒரு கடை இருந்துச்சு. பழம்பொரி நல்லாருக்கும்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு முறை குதித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே போனாள். குயிலி அளவுநாடாவை மறந்து அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது, சொல்ல அங்கே யாரும் இல்லை. விளிம்பில் வண்டி வந்து ஒரு கணம் தயங்கியது. பிரேக்கின் மேல் இருந்த விரல்கள் பிரியத் தொடங்கின. இடது நடுவிரல். வலது நடுவிரல். இடது ஆள்காட்டி. கீழே, மழைச்சட்டைப் பைக்குள், குயிலி தன் வலது ஆள்காட்டியைப் பிரித்தாள்.